மிதக்கும் ஈக்கு ஒரு வால்: நல்ல சேவல் இறகு ஏன் அரிதாகிப்போனது?

ஒரு தூண்டில் ஈக்கு வால் கட்டுவதற்குத் தேவைப்படுவது, சேவல் இறகொன்றிலிருந்து பிரித்தெடுத்த எட்டுப் பத்து இழைகள் மட்டுமே. அவற்றின் எடையைச் சாதாரண தராசில் நிறுக்கவே முடியாது. ஆனால், அந்த இழைகள் சரியானவையாக அமையாவிட்டால் ஈ தண்ணீரில் தாழ்ந்துவிடும். மீன் அதைத் திரும்பியும் பார்க்காது. உலகில் மிக உயர்ந்த தரமான இறகுச் சேவல்களை வளர்க்கும் ஐக்கிய அமெரிக்காவில், பல தசாப்தகால இனத்தெரிவுக்குப் பிறகு, ஈ கட்டுபவர்களுக்குக் கிடைப்பது கடினமாகிப்போன இறகும் இதுதான். சேவலின் கழுத்து இறகும் முதுகு இறகும் முன்னெப்போதும் இல்லாத தரத்தை எட்டின. வாலுக்கான இறகு மட்டும் அதே சேவலின் உடம்பிலிருந்து மெல்லமெல்லக் குறைந்துபோனது.

இது எப்படி நடந்தது என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு மீன்பிடியில் நமக்கென்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று, உலகச் சந்தையில் விற்கப்படும் இந்தத் தூண்டில் ஈக்கள் பெருமளவில் கட்டப்படும் நாடுகளில் கென்யா, தாய்லாந்து ஆகியவற்றோடு இலங்கையும் ஒன்று. இந்த நாட்டுப் பெண்களின் விரல்கள் கட்டிய ஈக்கள் அமெரிக்க ஆறுகளில் மிதக்கின்றன. இரண்டாவது, இது அடிப்படையில் கோழி வளர்ப்புப் பற்றிய கதை. யுத்தத்துக்குப் பின் கோழிகளை நம்பி வாழ்க்கையைத் திரும்பத் தொடங்கிய குடும்பங்கள் வாழும் பிரதேசத்தில், இந்தக் கதைக்கு அர்த்தம் உண்டு.

மிதக்கும் ஈ என்றால் என்ன?

நாம் தூண்டில் போடும்போது முள்ளில் புழுவையோ இறால் துண்டையோ கொளுவுவோம். ஃபிளை மீன்பிடியில் உண்மையான இரை கிடையாது. தூண்டில் முள்ளின்மீது இறகு, மயிர், நூல் ஆகியவற்றைச் சுற்றிக் கட்டி, ஒரு பூச்சியின் தோற்றத்தைக் கொண்டுவருவார்கள். அதுதான் தூண்டில் ஈ. அது மிகவும் இலேசானது என்பதால் அதைத் தனியே வீச முடியாது. அதனோடு தொடுத்த தடித்த நூலின் பாரத்தைக் கொண்டே வீசுவார்கள்.

இந்த முறையில் பிடிக்கப்படும் முக்கியமான மீன் ட்ரவுட். குளிர்ந்த, ஓடும் நன்னீரில் வாழ்வது. இரணைமடுவிலோ தொண்டைமானாற்றிலோ அது கிடையாது. பிரித்தானியர் 1880களில் அதை நுவரெலியாவின் மலை ஓடைகளுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அதன் இயற்கையான உணவுகளில் மேஃபிளை என்ற பூச்சி முக்கியமானது. அது நாம் மழைக்காலத்தில் காணும் ஈசல் அல்ல. ஈசல் கறையானின் வகை. மேஃபிளையோ தன் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தண்ணீருக்கடியில் புழுப்பருவத்தில் கழித்துவிட்டு, இறக்கை முளைத்து மேலே வரும். வந்த பிறகு சில மணித்தியாலங்கள், மிஞ்சினால் ஓரிரு நாட்கள்தான் உயிரோடிருக்கும். வளர்ந்த பூச்சிக்கு உண்பதற்கு வாய்கூட ஒழுங்காக இல்லை. நிமிர்ந்த இறக்கைகளும், பின்னால் இரண்டு அல்லது மூன்று நீண்ட மெல்லிய வால் இழைகளும் அதன் அடையாளம்.

புதிதாக இறக்கை முளைத்த மேஃபிளை பறப்பதற்கு முன்னர் நீரின் மேற்பரப்பில் சற்று நேரம் மிதந்து செல்லும். ட்ரவுட் மேலெழுந்து அதைக் கவ்வும் நேரம் அதுதான். இந்த மிதக்கும் நிலையைப் போலச் செய்து கட்டுவதே ‘உலர் ஈ’. தண்ணீருக்குள் தாழ்ந்து செல்லும்படி கட்டுவது ‘நனைந்த ஈ’.

வால் செய்யும் வேலை

உலர் ஈயின் வாலை வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. ஈயின் உள்ளே இருப்பது உருக்கு முள். உருக்கு, தண்ணீரைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு அடர்த்தியானது. ஆகவே ஈ, தக்கை மிதப்பதுபோல மிதப்பதில்லை. குளத்து நீரின்மேல் கால் நனையாமல் ஓடித்திரியும் பூச்சிகளைக் கண்டிருப்போம். நீரின் மேற்பரப்பு மெல்லிய தோல்போல இழுபட்டு நிற்பதால் அவற்றால் அப்படி ஓட முடிகிறது. உலர் ஈயும் அந்தத் தோலின் மேல்தான் நிற்கிறது.

அது நிற்பதற்கு இரண்டு தாங்கிகள் உண்டு. முன்பக்கத்தில், முள்ளைச் சுற்றி வட்டமாகச் சுற்றப்பட்ட சேவல் இறகு. இதை ஹக்கிள் என்பார்கள். அதன் இழைகள் பூச்சியின் கால்கள்போல எல்லாப் பக்கமும் விரிந்து நிற்கும். பின்பக்கத்தில் வால். முள்ளின் பாரமான பகுதி, அதாவது வளைவும் கூரும், பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பாரத்தை நீரின் மேல் தாங்குவது வால் இழைகளே. வால் இழைகள் மென்மையானவையாக இருந்தால் தண்ணீரை உறிஞ்சித் தொய்ந்துவிடும். பின்பக்கம் தாழும், ஈ செங்குத்தாகத் தொங்கும். அப்படித் தொங்கும் பூச்சியை ட்ரவுட் இயற்கையில் காண்பதில்லை. வால் கட்டையாக இருந்தால் ஈ பின்னால் சாயும். அளவுக்கு மிஞ்சி நீண்டால் முன்னால் கவிழும். முள்ளின் நேரான தண்டு எவ்வளவு நீளமோ, வாலும் ஏறத்தாழ அவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

ஆக, வாலுக்குத் தேவையான இழையின் குணங்கள் நான்கு: நேராக இருக்க வேண்டும், விறைப்பாக இருக்க வேண்டும், தண்ணீரை உறிஞ்சக் கூடாது, போதிய நீளம் இருக்க வேண்டும். இந்த நான்காவது குணத்தில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

சேவலின் எந்த இடத்தில் இருக்கிறது?

இதைப் புத்தகங்களைவிடத் தெளிவாக எனக்குக் காட்டியவர் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் அக்கா. தென்பகுதியில் தூண்டில் ஈ கட்டும் ஏற்றுமதித் தொழிற்சாலையொன்றில் மூன்றரை வருடம் வேலைசெய்துவிட்டு ஊர் திரும்பியவர். இப்போது வீட்டில் கோழி வளர்க்கிறார். வாழ்வாதாரக் கோழி வளர்ப்புப் பற்றிக் கேட்கப் போன என்னிடம், பேச்சோடு பேச்சாகத் தன் பழைய வேலையைப் பற்றிச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை என்றதும், முற்றத்தில் நின்ற செஞ்சேவலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு கழுத்து இறகுகளை விரித்துக் காட்டினார்.

“இஞ்ச பாருங்கோ தங்கச்சி, எல்லாரும் தேடுறது இந்த நடுக்கழுத்து இறகைத்தான். நீளமாயும் ஒடுங்கலாயும் இருக்கும். முன்னுக்குச் சுத்துறதுக்கு இதுதான் நல்லது. ஆனா வாலுக்கு இது சரிவராது. இழை கட்டை.”

பிறகு கழுத்து அகன்று தோளோடு சேரும் இடத்தில், இரு ஓரங்களிலும் இருந்த இறகுகளை ஒதுக்கினார். அவை நடுக்கழுத்து இறகைப் போல நீண்டவையல்ல. கட்டையாகவும் அகலமாகவும் இருந்தன. ஆங்கிலத்தில் இவற்றை ‘ஸ்பேட்’ இறகு என்பார்கள். மண்வெட்டி போன்ற வடிவம் என்பதால் அந்தப் பெயர். இறகு கட்டையானாலும் அதன் இழைகள் நீண்டவை, விறைப்பானவை. ஒரு கழுத்துத் தோலில் இப்படிப்பட்ட இறகுகள் சிலதான் இருக்கும்.

“இந்த இழையைக் கன்னத்தில வைச்சுப் பாருங்கோ. குத்துதோ? குத்தினா நல்லது. பேட்டின்ர இறகு எண்டா பஞ்சுமாதிரி இருக்கும்.”

அவர் சொன்னதற்குக் காரணம் இறகின் அமைப்பில் இருக்கிறது. ஓர் இறகின் நடுத்தண்டிலிருந்து இருபுறமும் இழைகள் பிரிகின்றன. அந்த இழைகளிலிருந்து இன்னும் நுண்ணிய கிளைகள் பிரிந்து, அவற்றின் கொக்கிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன. பறக்கும் இறகு காற்றுப் புகாத தகடுபோல இருப்பது இதனால்தான். அந்த நுண்கிளைகளுக்கிடையில் தண்ணீரும் தேங்கும். வளர்ந்த சேவலின் கழுத்திலும் முதுகிலும் உள்ள அலங்கார இறகுகளில், வெளிப்புறத்து இழைகளுக்கு இந்தக் கொக்கிகள் இல்லை. ஆகவே ஒவ்வோர் இழையும் தனித்தனியாக, பளபளப்பாக நிற்கும். தண்ணீர் தேங்க இடமில்லை. தண்டை ஒட்டிய அடிப்பகுதி மட்டும் மங்கலாக, பஞ்சுபோல இருக்கும். நல்ல வால் இறகில் இந்த மங்கல் பகுதி மிகக் குறைவாக இருக்க வேண்டும். பேட்டுக்கோழியின் இறகு இழைகள் மென்மையாகவும் நுண்கிளைகள் நிறைந்தும் இருப்பதால், அவை நனைந்த ஈக்குத்தான் பொருந்தும்.

தொழிற்சாலையில் வால் பிழைத்தால் முழு ஈயையும் ஒதுக்கிவிடுவார்கள் என்றும் அக்கா சொன்னார். இழை நுனிகள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஒன்று நீண்டு ஒன்று குறுகினால் அது கழிவு. “கடைசியாக் கட்டின தலை வடிவா இருந்தாலும், முதல் கட்டின வால் பிழையெண்டா காசில்லை,” என்றார். வால்தான் முதலில் கட்டப்படுகிறது.

அமெரிக்கச் சேவல்களுக்கு என்ன நடந்தது?

உலர் ஈயை ஒரு முறைமையாக எழுதிவைத்தவர் இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் ஹல்ஃபோர்ட். மிதக்கும் ஈக்களை எவ்வாறு கட்டுவது என்பது பற்றிய அவரது நூல் 1886இல் வெளிவந்தது. ஹம்ப்ஷயரின் டெஸ்ட் ஆறு போன்ற அமைதியான தெளிநீர் ஆறுகளை மனதில் வைத்து அவர் எழுதினார். நியூயோர்க் மாநிலத்தின் கட்ஸ்கில் மலைப்பகுதியோடு பெயர் இணைந்த தியடோர் கோர்டன் அவருக்குக் கடிதம் எழுத, 1890இல் ஹல்ஃபோர்ட் தன் ஈக்களின் மாதிரிகளை அனுப்பிவைத்தார். அமெரிக்க ஆறுகள் வேகமானவை, பூச்சிகளும் வேறு. கோர்டன் அவற்றுக்கேற்ப ஈக்களை மாற்றிக் கட்டினார். வேகமான நீரில் மிதக்க வேண்டும் என்றால் இறகு இன்னும் விறைப்பாக இருக்க வேண்டும். அமெரிக்கர்களின் இறகுத் தேடல் இப்படித்தான் தீவிரமடைந்தது.

அந்தக் காலத்தில் இறகுக்கென்று வளர்த்த சேவல் கிடையாது. பண்ணை வீட்டு முற்றங்களில் திரியும் சேவல்களைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் இறக்குமதியான கழுத்துத் தோல்களும் பின்னர் சந்தைக்கு வந்தன. எல்லோரும் தேடிய நிறம் புகைச்சாம்பல். அதை இனப்பெருக்கத்தில் நிலைநிறுத்துவது கடினம். சாம்பல் சேவலையும் சாம்பல் பேட்டையும் இணைத்தால் குஞ்சுகளில் ஏறத்தாழ அரைவாசிதான் சாம்பலாக வரும். கால்வாசி கறுப்பு, மீதிக் கால்வாசி அழுக்கு வெள்ளை. ஆகவே கட்ஸ்கிலைச் சேர்ந்த ஹரி டார்பி போன்ற ஈ கட்டுநர்கள் தாங்களே கோழி வளர்க்கத் தொடங்கினார்கள்.

டார்பியின் கோழிகளின் முட்டைகள் மினசோட்டாவைச் சேர்ந்த அன்டி மைனருக்குப் போயின. மைனரின் வளர்ப்பிலிருந்து பென்சில்வேனியாவின் பக் மெட்ஸ் 1970களில் தன் பண்ணையைத் தொடங்கினார். மறுபுறம் ஒரிகன் மாநிலத்தில் ஹென்றி ஹொஃப்மன், கறுப்பு வெள்ளை வரிகள் கொண்ட பிளிமத் ரொக் இனக் கோழிகளைக் கொண்டு தனியே வேலைசெய்தார். அவரது சேவல் வழியை 1989இல் டொம் வைட்டிங் பொறுப்பேற்றார். கோழி மரபியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், கொலராடோவில் அதைப் பெரும் பண்ணையாக வளர்த்தார்.

இவர்கள் தெரிந்தெடுத்தது எதை? நீண்ட, ஒடுங்கிய, அடி முதல் நுனி வரை ஒரே அளவு கட்டையான இழைகள் கொண்ட இறகை. சிறிய முள்ளுக்குச் சிறிய இழைதான் பொருந்தும். இறகு நீளமானால் ஒரே இறகில் பல ஈக்களைக் கட்டலாம். முன்பு ஓர் ஈக்கு இரண்டு இறகு தேவைப்பட்ட இடத்தில், இப்போது ஒரு முதுகு இறகில் பல ஈக்களைக் கட்ட முடிகிறது. கூலிக்குக் கட்டுபவருக்கு இது பெரிய வரம்.

அந்த வரத்துக்குக் கொடுத்த விலைதான் வால். 12ஆம் இலக்க முள்ளை எடுத்துக்கொண்டால், வால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளம் வெளியே நிற்க வேண்டும். அதே அளவு இழை முள்ளின் தண்டோடு சேர்த்துக் கட்டப்பட வேண்டும். ஆகவே வால் இழை, முன்பக்க ஹக்கிள் இழையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளமாக இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கட்டை இழைக்காகவே சேவல்களைத் தெரிந்தெடுத்தபோது, கழுத்து ஓரத்து இறகின் இழைகளும் சேர்ந்து கட்டையாகின. தோளோரத்து இறகுகள் ஒடுங்கின. வளர்ப்பவர்கள் யாரும் வாலைக் கெடுக்க வேண்டும் என்று எண்ணவில்லை. அதை எவரும் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஒரே உடம்பில் இருக்கும் இரண்டு குணங்களில் ஒன்றை மட்டும் அளந்துகொண்டிருந்தால், மற்றது என்னவாகிறது என்பது கடைசியில்தான் தெரியவரும்.

ஒரே குணத்தில் சந்தை தங்கியிருப்பதன் ஆபத்து 2011இல் வேறு விதமாகவும் வெளிப்பட்டது. நீண்ட வரி இறகுகளைத் தலைமயிரில் இணைத்துக்கொள்வது அமெரிக்காவில் திடீர் நாகரிகமாகியது. சிகையலங்கார நிலையங்கள் மீன்பிடிக் கடைகளில் இருந்த முதுகு இறகுகளை வாங்கிக் குவித்தன. விலை பல மடங்கு ஏறியது. ஈ கட்டுபவர்களுக்குக் கடைகளில் இறகு கிடைக்கவில்லை. ஒரு சேவல் முழு இறகோடு வளர ஏறத்தாழ ஒரு வருடம் தேவை என்பதால், பண்ணைகளால் உடனே ஈடுகொடுக்கவும் முடியவில்லை.

மாற்று வழிகள்

வால் இறகு கிடைக்காதபோது மயிரையும் நைலோனையும் நாடினார்கள். மயிர் புதிய யோசனை அல்ல. அமெரிக்கரான லீ வுல்ஃப் 1930ஆம் ஆண்டை அண்டிய காலத்திலேயே, வேகமான நீரில் இறகு வால் போதாது என்று கருதி, மானின் வால் மயிரைக் கட்டினார். அது பெரிய ஈக்கு நன்றாகத் தாங்கும். சிறிய ஈக்குத் தடித்துப்போகும்.

நைலோன் இழை, வர்ணம் பூசும் தூரிகையின் மயிரிலிருந்து வந்த யோசனை. நுனி கூர்ந்த மெல்லிய தங்கூசித் துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை உறிஞ்சாது, ஒரே அளவில் இருக்கும், மலிவு. இரண்டு மூன்று இழைகளை இருபுறமும் பிரித்து, உண்மையான மேஃபிளையின் வால்போலக் கட்டும் முறைக்கு இது பொருந்துகிறது. ஆனால் மிக வழுக்கலானது. நூலுக்குள் ஒழுங்காக நிற்காது. சேவல் இழையின் இயற்கையான புள்ளியும் மினுக்கமும் இதற்கு இல்லை.

இந்த நிலையில் ஈ கட்டுபவர்களின் கவனம் வேறொரு நாட்டை நோக்கித் திரும்பியது.

லியோன் பள்ளத்தாக்கின் சேவல்

வடமேற்கு ஸ்பெயினின் லியோன் மாகாணத்தில் குருவெனோ என்ற ஆறு ஓடுகிறது. அதன் கரையிலுள்ள லா கந்தானா போன்ற சிறு கிராமங்களில், இறகுக்காகவே சேவல் வளர்க்கும் வழக்கம் நூற்றாண்டுகளாக இருந்துவருகிறது. உலகம் இன்று அந்தச் சேவலை ‘கோக் டி லியோன்’ என்று அழைக்கிறது. 1624ஆம் ஆண்டைச் சேர்ந்த, குவான் டி பெர்காரா எழுதிய அஸ்தோர்கா கையெழுத்துப் பிரதி, எந்தெந்த மாதத்தில் எந்த நிற இறகால் ஈ கட்ட வேண்டும் என்று பட்டியலிடுகிறது. ஹல்ஃபோர்டின் நூலுக்கு 262 வருடங்கள் முந்தியது அது.

அங்கே சேவல்கள் இரண்டு பெரும் வகை. ஒரே நிற இறகு கொண்டது ‘இந்தியோ’. புள்ளி விழுந்த இறகு கொண்டது ‘பார்தோ’. இவற்றுக்குள்ளும் நுணுக்கமான பெயர்கள் உண்டு: வெள்ளி நிறம், உருக்கு நிறம், மான் நிறம், ஊரில் பூக்கும் ஒரு புதர்ப்பூவின் பெயர் என்று நீளும். நம்மவர்கள் சேவலைச் செஞ்சேவல், கருஞ்சேவல், வெள்ளடியான் என்று பிரித்துச் சொல்வதைப் போன்றதே இதுவும். பெயர் இருக்கும் வரைக்கும் அந்த வேறுபாட்டைக் கண்ணும் தேடும்.

லியோன் சேவலின் இறகு, அமெரிக்கச் சேவலின் இறகுக்கு நேர் எதிரானது. அது அகன்றது. இழைகள் நீண்டவை, கண்ணாடிபோலப் பளபளப்பவை, மிக விறைப்பானவை. முன்பக்கம் சுற்றும் சிறிய ஹக்கிளுக்கு அது உதவாது. வாலுக்கோ அதைவிடப் பொருத்தமான ஒன்றைக் காண்பது அரிது. புள்ளி விழுந்த பார்தோ இழைகளைக் கட்டினால், மேஃபிளையின் வாலில் உள்ள கணுக்கள் போன்ற தோற்றமும் கிடைக்கிறது.

வளர்க்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. அமெரிக்கப் பண்ணையில் இறகு முதிர்ந்ததும் சேவலைக் கொன்று தோலோடு எடுப்பார்கள். லியோன் கிராமங்களில் உயிருள்ள சேவலிலிருந்து வருடத்தில் பல தடவை இறகு பிடுங்கி, பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டி விற்பது வழக்கம். சேவல் பல வருடங்கள் வாழும். உயிரோடு பிடுங்குவது பற்றிய விமர்சனத்தை ஒதுக்கிவிட முடியாது. அதேவேளை, வளர்ப்பவர் ஒவ்வொரு சேவலையும் தனித்தனியே அறிந்து வைத்திருப்பதற்கும் இந்த முறையே காரணம். பள்ளத்தாக்கைவிட்டு வெளியே கொண்டுபோனால் இறகின் தரம் குறைந்துவிடும் என்பது அந்த ஊரவரின் நம்பிக்கை. ஆயினும் இன்று கொலராடோவின் வைட்டிங் பண்ணையிலும் லியோன் வழிச் சேவல்கள் வளர்க்கப்படுகின்றன. ஒரு குணத்தைப் பெருக்கிய அதே பண்ணை, இழந்த குணத்துக்காக இன்னோர் ஊரின் கோழியை நாட வேண்டியிருந்தது.

அந்தக் குணம் லியோனில் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம், அங்கே அது தொடர்ந்து பயன்பட்டுவந்ததுதான். அந்த ஆற்று மீனவர் நீண்ட இழை இறகைக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆகவே வளர்ப்பவர்களும் நீண்ட இழைச் சேவலையே வைத்துக்கொண்டார்கள்.

இன்று தெரிவுசெய்வது எப்படி?

வால் இறகு தேடுபவர் முதலில் விலையைப் பார்க்கத் தேவையில்லை. விலை உயர்ந்த தோல் என்பது முன்பக்க ஹக்கிளுக்கு உயர்ந்தது என்று மட்டுமே பொருள்படலாம். மலிவான இறக்குமதிக் கழுத்துத் தோலின் ஓரத்தில் அதைவிட நல்ல வால் இறகு இருக்கக்கூடும். தோலைத் திருப்பி, அகன்ற பகுதியின் இரு ஓரங்களையும் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஓர் இறகை மெல்ல வளைத்து இழைகளை விரித்துப் பார்க்க வேண்டும். மங்கலான அடிப்பகுதி எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பது அப்போது தெரியும். அதற்கு வெளியே எஞ்சும் பளபளப்பான பகுதி, வெளியே நிற்க வேண்டிய வாலின் நீளத்துக்குக் குறையக் கூடாது. பிறகு கன்னத்திலோ உதட்டிலோ வைத்து விறைப்பைப் பார்க்கலாம். வளைத்துவிட்டால் இழை உடனே நிமிர வேண்டும்.

இழைகளைப் பிரிக்கும்போது, தண்டுக்குச் செங்குத்தாக இழுத்துப் பிடித்து நுனிகளை வரிசைப்படுத்திவிட்டு, ஒரே இழுப்பில் உரிக்க வேண்டும். கட்டும் இடத்தில் நூலால் சிறு முடிச்சுபோல ஒரு மேடு அமைத்து, அதற்கு முன்னால் வாலைக் கட்டினால் இழைகள் விசிறிபோல விரிந்து நிற்கும். விரிந்த வால், ஒடுங்கிய வாலைவிட அதிக பரப்பில் நீரைத் தொடும். கட்டி முடித்ததும் ஈயை மேசையில் போட்டுப் பார்ப்பார்கள். ஹக்கிள் நுனியிலும் வால் நுனியிலும் நின்று, முள்ளின் வளைவு மேசையில் அழுந்தாமல் இருந்தால் அது தண்ணீரிலும் நிற்கும்.

நமது முற்றத்துக்கு

2009க்குப் பின்னர் மீள்குடியேறிய பல குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கோழிகள் வழங்கப்பட்டதை நாம் அறிவோம். அவற்றுள் முட்டைக்காக விருத்திசெய்யப்பட்ட கலப்பினக் கோழிகளும் இருந்தன. அத்தகைய கோழி நல்ல தீனியோடு வருடத்துக்கு 300 முட்டை வரை இடும். ஊர்க்கோழியால் அது முடியாது. ஆனால், முட்டை எண்ணிக்கைக்காகத் தெரிந்தெடுத்தபோது, அடை கிடக்கும் குணம் அந்தக் கோழிகளிடமிருந்து விலக்கப்பட்டது. அடை கிடக்கும் நாட்களில் கோழி முட்டை இடாது என்பதால், முட்டை உற்பத்தியாளருக்கு அது நட்டம். வீட்டு முற்றத்தில் கோழி வளர்க்கும் ஒரு தாய்க்கோ, அடை கிடக்கும் பேடுதான் அடுத்த தலைமுறை. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

அமெரிக்கச் சேவலின் வாலுக்கு நடந்ததும் இதுவே. 300 என்ற எண்ணிக்கை பிழையானதல்ல, நீண்ட ஹக்கிளும் பிழையானதல்ல. யாருடைய தேவைக்காக எந்தக் குணத்தை அளக்கிறோம் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. தோளோரத்து இறகை அளந்து பார்த்திருந்தால் அது குறைவதை முன்கூட்டியே கண்டிருக்கலாம்.

நமது கிராமங்களில் இந்த இழப்பு இன்னும் முழுமையடையவில்லை. அடை கிடக்கும் ஊர்ப்பேடும், மரத்தில் ஏறி உறங்கும் சேவலும் பல வளவுகளில் இன்னும் இருக்கின்றன. லியோன் கிராமத்தவர் செய்தது பெரிய ஆராய்ச்சி ஒன்றுமல்ல. தங்களுக்குத் தேவையான சேவலை விற்றுத் தீர்க்காமல் வைத்துக்கொண்டார்கள். அடுத்த தடவை வாழ்வாதாரக் கோழி பற்றிய கூட்டத்துக்கு அழைக்கப்படும்போது, வருடத்துக்கு எத்தனை முட்டை இடும் என்ற கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கலாம்: இந்தக் கோழி அடை கிடக்குமா? இல்லை என்பது பதிலானால், வரும் கோழிகளோடு ஊர்ப்பேடு இரண்டையும் விற்காமல் வைத்திருப்பது நல்லது.